இரத்த அறிக்கையில் மூன்று எண்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாருக்காவது டிங்கிக் காய்ச்சல் வந்திருந்தால், ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீர்கள்: "இன்றைக்குப் பிளேட்லெட் எவ்வளவு?" காலையில் இரத்தம் எடுப்பார்கள், சில மணி நேரத்தில் எண் வந்துவிடும். எண் இறங்கினால் வீடே கலங்கும். ஏறினால் பாட்டி சாமி மேடையில் விளக்கேற்றுவார்.

டிங்கியில் இந்தக் கவலை சில நாள்களில் தீர்ந்துவிடும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் வீட்டிலோ அதே கேள்வி மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் தொடரும். அங்கே கவனிக்க வேண்டிய எண்களும் மூன்று.

அந்த மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால், புற்றுநோய் வார்டில் நடப்பது பலவும் உங்களுக்குப் புரியும். வாசலிலேயே ஏன் கை கழுவச் சொல்கிறார்கள்? நாம் ஆசையோடு கொண்டுபோன பூங்கொத்தைத் தாதி ஏன் உள்ளே விடுவதில்லை? சாதாரணக் காய்ச்சலுக்கு ஏன் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

தொழிற்சாலையில் கோளாறு

படிவம் நான்கு உயிரியல் பாடத்தில் இரத்தத்தின் கூறுகளைப் படித்திருப்பீர்கள். சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் காயத்தை அடைத்து இரத்தக் கசிவை நிறுத்துகின்றன. இந்த மூன்றும் ஒரே தொழிற்சாலையில், எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில், உருவாகின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் மஜ்ஜை பல இலட்சம் சிவப்பணுக்களை உருவாக்கியிருக்கும்.

அங்கே ஓர் அணுவின் மரபணுவில் பிழை ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுமையாக வளராது. உரிய காலத்தில் சாகவும் செய்யாது. தன்னைப் போன்ற அணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகும். நாளடைவில் மஜ்ஜை முழுவதும் அவற்றால் நிறைந்துவிடும். நல்ல அணுக்கள் உருவாக இடமே இருக்காது. இதுவே லுக்கீமியா. நிணநீர் மண்டலத்தின் வெள்ளணுக்களில் தொடங்குவது லிம்போமா. நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களில் தொடங்குவது மைலோமா. இவை மூன்றும் இரத்தப் புற்றுநோயின் முக்கிய வகைகள்.

லுக்கீமியாவின் அறிகுறிகளை இப்போது நீங்களே ஊகித்துவிடலாம். சிவப்பணு குறைவதால் வெளிறிய முகம், தீராத சோர்வு. தட்டணு குறைவதால் அடிபடாமலே நீலத் தழும்புகள், மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு. நல்ல வெள்ளணு குறைவதால் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாரக் கணக்கில் நீடித்தால் ஓர் இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த நோய் ஒட்டாது. அருகில் அமர்வதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ யாருக்கும் வராது. பெரும்பாலும் யார் செய்த தவற்றாலும் வருவதுமில்லை.

சென்னையில் படித்தவரும் வாசலில் பூக்கும் செடியும்

1940கள் வரை, லுக்கீமியா கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்கள் லுக்கீமியாவை வேகப்படுத்துவதாகக் கவனித்தார். அப்படியானால், அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருள் நோயைத் தடுக்குமா?

அந்தப் பொருளை உருவாக்கித் தந்தது எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு. 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர் அவர். அந்த மருந்தின் பெயர் அமினோப்டெரின். அதைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948இல் ஃபார்பர் அறிவித்தார். அந்த முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் மருந்தால் லுக்கீமியாவைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது உறுதியாயிற்று. சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இன்னொரு மருந்து நம் வீட்டு வாசலில் பூக்கும் செடியிலிருந்து வந்தது. நித்திய கல்யாணிதான் அது. அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் லுக்கீமியா சிகிச்சையில் 1960களிலிருந்து முக்கிய இடம் வகிக்கிறது.

இதைக் கேட்டதும் இலையைப் பறித்துக் கஷாயம் வைக்கலாமா என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்கக்கூடிய கடுமையான பொருள். பெரியவர்களுக்குக்கூட ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், இரத்தக் குழாய் வழியாக மட்டும் கொடுப்பது வழக்கம். தவறி முதுகுத்தண்டுக்குள் செலுத்திவிட்டால் உயிரே போய்விடும் என்பதால் வார்டில் இருவர் சரிபார்த்த பிறகே செலுத்துகிறார்கள். செடியின் ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பல மருந்துகளைச் சேர்த்துத் திட்டமிட்ட வரிசையில் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு நிலைமை பெரிதும் மாறியது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவில், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். சிகிச்சை முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

மருந்து ஏன் எண்களைக் கவிழ்க்கிறது?

கீமோதெராப்பி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்குகின்றன. புற்றணு வேகமாகப் பிரிகிறது. ஆனால் மஜ்ஜையின் நல்ல அணுக்களும், முடி வேரின் அணுக்களும், வாய், குடல் ஆகியவற்றின் உட்தோல் அணுக்களும் வேகமாகவே பிரிகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, குமட்டுகிறது. மஜ்ஜையின் உற்பத்தியும் சில வாரங்கள் நின்றுபோகிறது.

உற்பத்தி நின்ற கடையில் எந்தச் சரக்கு முதலில் தீரும்? சீக்கிரம் கெடுகிற சரக்குத்தான். கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணுவான நியூட்ரோபில் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாள்தான் இருக்கிறது. தட்டணு ஏழு முதல் பத்து நாள் வாழ்கிறது. சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. ஆகவே நியூட்ரோபில் விரைவில் சரிகிறது. தட்டணுவும் தொடர்ந்து சரிகிறது. சிவப்பணு மெல்லக் குறைகிறது.

புற்றணுவைக் கொல்வது மருந்தின் வேலை. மஜ்ஜை மீண்டும் எழும் வரை நோயாளியை உயிரோடு காப்பது பராமரிப்பின் வேலை. இந்த இரண்டாம் வேலைக்குத்தான் அந்த மூன்று எண்கள் வழிகாட்டுகின்றன.

முதல் எண்: நியூட்ரோபில்

நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 2,000 முதல் 7,000 வரை நியூட்ரோபில்கள் இருக்கும். இது 500க்குக் கீழே போனால் ஆபத்தான கட்டம். நம் தோலிலும் குடலிலும் எப்போதும் சாதுவாக வாழும் கிருமிகளே அப்போது எதிரியாகிவிடுகின்றன.

வார்டின் விதிமுறைகள் இதிலிருந்து பிறந்தவை. வருபவர் எல்லாரும் கை கழுவுகிறார்கள். சளி பிடித்தவர் உள்ளே வரக்கூடாது. பூந்தொட்டியின் மண்ணிலும் பூச்சாடியின் நீரிலும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர்வதால் பூக்களுக்கு அனுமதியில்லை. உணவு நன்கு வெந்ததாக, சூடாக இருக்க வேண்டும். சாலையோரத்தில் வெட்டி வைத்த பழமும் அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம்.

இங்கே ஒரு வினோதம் உண்டு. சாதாரணமாகப் புண்ணில் கிருமி புகுந்தால் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த வெள்ளணுக்கள்தான். வெள்ளணுவே இல்லாதவருக்குச் சீழும் வராது, வீக்கமும் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அபாய மணி. அதனால் உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது அவசரநிலை. மருத்துவமனையை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆண்டிபயோட்டிக் ஏற வேண்டும் என்பது உலக மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. நம் வீடுகளில் காய்ச்சல் என்றதும் பனடோல் கொடுத்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுக்கச் சொல்வது பழக்கம். இந்த நோயாளிக்கு அது பெரும் ஆபத்து. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்; கிருமி இரவெல்லாம் பெருகும்.

இரண்டாம் எண்: தட்டணு

வழக்கமான அளவு 1,50,000 முதல் 4,00,000 வரை. 10,000க்குக் கீழே போனால், இரத்தம் கசியாவிட்டாலும் முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது வழக்கம். மூளையில் தானாகவே கசிவு ஏற்படலாம் என்ற அச்சமே காரணம். இந்த நாள்களில் மென்மையான பல்தூரிகை, சவரக் கத்திக்குத் தடை, காற்பந்துக்குத் தடை. தட்டணுவின் வேலையைக் கெடுக்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளுக்கும் தடை.

மூன்றாம் எண்: ஹீமோகுளோபின்

சிவப்பணுவின் அளவை இது காட்டுகிறது. வழக்கமாக ஒரு டெசிலிட்டரில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கும். ஆண்களுக்குச் சற்று அதிகம். 7 அல்லது 8க்கு இறங்கினால், நிலைமையைப் பார்த்து மருத்துவர் சிவப்பணு ஏற்றச் சொல்வார். குளியலறை வரை நடப்பதே மலையேறுவது போல இருக்கும் நாள்கள் இவை. நோயாளி பேசாமல் திரும்பிப் படுத்தால், நம்மீது கோபம் என்று எண்ண வேண்டாம். அவரிடம் பேசவும் தெம்பில்லை.

பயிற்சி

கீமோதெராப்பி தொடங்கிய பத்தாம் நாள், ஒரு கற்பனை நோயாளியின் அறிக்கை: நியூட்ரோபில் 200, தட்டணு 9,000, ஹீமோகுளோபின் 8.6. காய்ச்சல் இல்லை, கசிவும் இல்லை. வார்டில் என்ன செய்வார்கள்? மேலே படித்ததை வைத்து நீங்களே எழுதிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

விடை: தட்டணு ஏற்றுவார்கள். கிருமித் தடுப்பை இறுக்கி, உடல்வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். ஹீமோகுளோபினுக்கு இன்று அவசரமில்லை. மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லாவிட்டால் மறுநாள் எண்ணுக்காகக் காத்திருக்கலாம்.

நம் ஜொகூரில்

தெப்ராவ் நீரிணையைப் பார்த்தபடி நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனையை ஜொகூர் பாருவாசிகள் எல்லாருக்கும் தெரியும். பண்டான் பக்கம் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. தென்பகுதியின் இரத்தநோய், புற்றுநோய் நோயாளிகள் பெரும்பாலும் இந்த இரண்டு அரசு மருத்துவமனைகளுக்கே வருகிறார்கள். சில சிக்கலான சிகிச்சைகளுக்காக, இரத்தநோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையமான சிலாங்கூரின் அம்பாங் மருத்துவமனை வரை, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்பவர்களும் உண்டு.

தூரம் இங்கே ஒரு மருத்துவப் பிரச்சினை. மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சிகாமாட் இன்னும் தூரம். அங்கே வீட்டில் இருக்கும் நோயாளிக்கு இரவு பத்து மணிக்கு 38 பாகை அடித்தால், தன் மருத்துவரைத் தேடி ஜொகூர் பாரு வரை ஓட நேரமில்லை. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சிகிச்சை அட்டையோடு சென்று, "கீமோதெராப்பி எடுப்பவர், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். தாத்தாவோ அம்மாவோ பதற்றத்தில் மலாயில் சொல்லத் தடுமாறலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வீட்டில் படிக்கும் பிள்ளையால் முடியும்.

குடும்பம் தாங்க வேண்டிய பாரம் மருந்தோடு முடிவதில்லை. வேலைக்குப் போக முடியாத அப்பா, பேருந்துச் செலவு, பள்ளி தவறும் பிள்ளை. அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. செலவுக்குத் தடுமாறும் குடும்பங்களை உதவி நிதிகளோடு இணைப்பது அதன் வேலை, கேட்பதில் வெட்கமில்லை. நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் மாணவர்களுக்காகக் கல்வி அமைச்சு 2011 முதல் சில மருத்துவமனைகளில் மருத்துவமனைப் பள்ளித் திட்டத்தை நடத்தி வருகிறது. ஆசிரியரே வார்டுக்கு வருவார்.

வெளியிலிருந்து வர வேண்டிய மருந்து

கீமோதெராப்பி மருந்துகளைத் தொழிற்சாலையில் செய்யலாம். தட்டணுவையும் சிவப்பணுவையும் இன்று வரை தேவையான அளவில் எந்தத் தொழிற்சாலையாலும் செய்து தர முடியவில்லை. ஒரு மனிதரின் கையிலிருந்துதான் வர வேண்டும். குளிரூட்டிய சிவப்பணு ஐந்து, ஆறு வாரங்கள் தாங்கும். தட்டணுவைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் பொதுவாக ஐந்து நாள்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு முறை ஏற்ற, வழக்கமாக நான்கு முதல் ஆறு பேரின் இரத்தத்திலிருந்து தட்டணுவைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். அல்லது ஒருவரிடமிருந்து இயந்திரம் மூலம் எடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டால், அடுத்த வாரம் வார்டில் இருப்பவருக்குத் தட்டணு எங்கிருந்து வரும்? முன்கூட்டியே சேமித்து வைக்கவும் வழியில்லை. அதனால்தான் இரத்த வங்கிகள் விழாக் காலத்துக்கு முன்னும் பின்னும் கொடையாளர்களைக் கூவிக் கூவி அழைக்கின்றன. மலேசியாவில் 18 வயது நிரம்பி, 45 கிலோகிராமுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர் இரத்தம் கொடுக்கலாம். 17 வயதில் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் தேவை.

சிலருக்கு மருந்து மட்டும் போதாது. வேறொருவரின் மஜ்ஜை மூல அணுக்களைப் பெற்றால்தான் பிழைக்க முடியும். மலேசியாவில் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. இதற்கு ஏ, பி, ஓ இரத்தப் பிரிவு பொருந்தினால் போதாது. எச்.எல்.ஏ. எனப்படும் அணு அடையாளங்கள் பொருந்த வேண்டும். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால் பதிவேட்டில் தேட வேண்டும். இங்கேதான் நம் சமூகத்துக்கு ஒரு பொறுப்பு வருகிறது. எச்.எல்.ஏ. மரபுவழி வருவதால், தமிழ் நோயாளிக்குப் பொருத்தமானவர் தமிழரிடையிலோ, நெருங்கிய மரபுள்ள இந்தியரிடையிலோ கிடைக்கும் வாய்ப்பே அதிகம். மலேசிய மூல அணுப் பதிவேடு 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சென்னையில் தாத்ரி பதிவேடு 2009இல் தொடங்கப்பட்டது. மலேசியாவில் சிறுபான்மையாக வாழும் நம்மில் சிலரே பதிந்தால், நம் நோயாளிக்குத் தேடும்போது பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும்.

வகுப்புக்குத் திரும்பும் நண்பர்

கடைசியாக, உங்களால் இன்றே செய்யக்கூடியவை. நீண்ட சிகிச்சைக்குப் பின் ஒரு நண்பர் முடியில்லாத தலையோடும் முகக்கவசத்தோடும் வகுப்புக்குத் திரும்பலாம். கேலி பேசாதீர்கள், அதே நேரம் கண்ணாடிப் பாத்திரம் போல ஒதுக்கியும் வைக்காதீர்கள். விட்டுப்போன பாடக் குறிப்புகளைக் கேட்காமலே எடுத்துக் கொடுங்கள். உங்களுக்குச் சளியென்றால் இரண்டு நாள் தள்ளி உட்காருங்கள். ஏன் என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்காருங்கள்.

வகுப்பில் யாருக்காவது சின்னம்மை கண்டால் அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அம்மை போட்டிருப்பதை வெளியே சொல்ல நம் வீடுகளில் தயங்குவதுண்டு. நமக்கு அது பத்து நாள் அரிப்பு. எதிர்ப்புச் சக்தி குறைந்த அந்த நண்பருக்கு அது உயிரைப் பறிக்கக்கூடியது. உடனே தெரிந்தால் மருத்துவர்கள் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியும். தாமதமானால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

மூன்று எண்களையும் வார்டுக்குள் மருத்துவரும் தாதியரும் பார்த்துக்கொள்கிறார்கள். கழுவிய கை, சரியான நேரத்தில் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு பை இரத்தம் ஆகியவை வார்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அவற்றைத் தருவது நம் வேலை.